மஞ்சள் மூட்டை போல வைத்திருந்த பங்குகள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சரவணம்பட்டியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் நடந்தது இது. அப்போது நானும் கணவரும் குழந்தைக்காக இரண்டாம் முறை சிகிச்சை எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தோம். முதல் முறை கரு தங்கவில்லை. இரண்டாம் முறைக்காகச் சேர்த்த பணம் முழுவதையும் அவர் ஒரே நிறுவனத்தின் பங்கில் போட்டுவைத்திருந்தார். அதுவும் நன்றாகத்தான் ஏறியிருந்தது.

எனக்கு ஐ.டி. வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆன்லைனில் பங்கு விலையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சார்ட் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தேன். புதிதாகக் கற்றவள் சும்மா இருப்பேனா? அன்று அந்தப் பங்கின் சார்ட்டைத் திறந்து பார்த்தேன். விலை ஓர் உச்சிக்கு ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, அதே உயரத்தைத் தாண்ட முடியாமல் திரும்பியிருந்தது. 'டபுள் டாப்' என்பார்கள். இரண்டு உச்சிக்கும் நடுவில் இறங்கிய பள்ளத்துக்கும் கீழே விலை போய்விட்டால், அதன் பிறகு பெரும்பாலும் சரிவுதான்.

"ஏனுங்க, நாளைக்கே வித்துப்போடலாமுங்க" என்றேன்.

அவர் ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விவசாயக் குடும்பம். விலை வராவிட்டால் மூட்டைகளைக் கிடங்கில் அடுக்கிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து பழகியவர்கள். "மஞ்சள வெச்சிருந்து பார்த்ததில்லையா அம்மணி? வெலை தானா வரும்" என்று சிரித்தார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "மஞ்சளும் ஷேரும் ஒண்ணுங்களா? அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்குப் போகோணும். எறங்கிப்போச்சுன்னா என்ன பண்றதுங்க?"

சிரிப்பு நின்றுவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் ஏறட்டும்னுதான் கண்ணு பார்த்தேன். இந்தத் தடவையும் தங்கலைன்னா, மூணாவதுக்குக் காசில்லைன்னு உன்கிட்டச் சொல்ல என்னால முடியாது."

பேராசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனுஷர் பயந்துபோயிருந்தார், என்னைவிட அதிகமாக. பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் நன்றாக அழுதோம், பிறகு டீ போட்டுக் குடித்தோம்.

மறுநாள் சந்தை திறந்ததும் விற்றுவிட்டோம். வேடிக்கையைப் பாருங்கள், அடுத்த நாளே அது ஏறத் தொடங்கியது! நான் கற்ற வித்தை இவ்வளவுதானா என்று குறுகிப்போனேன். அவர் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. "ஆஸ்பத்திரிக்குக் காசு கையில இருக்குதில்ல, உடு" என்றார். சில வாரம் கழித்து அந்தப் பங்கு மளமளவென்று சரிந்ததாம். நாங்கள் அப்போது மருத்துவமனையில் ரிசல்ட்டுக்காக உட்கார்ந்திருந்தோம், அதையெல்லாம் பார்க்கவே தோன்றவில்லை.

அந்த முறையும் கரு தங்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் நானேதான் மூன்றாவது முறை பற்றிப் பேச்செடுத்தேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "உன்ற ஒடம்புல இனி ஒரு ஊசி குத்த உடமாட்டேன் கண்ணு. நாம ரெண்டு பேரு இருக்கறமில்ல" என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

இன்றும் சார்ட் பார்க்கிறேன், சில சமயம் சரியாகக் கணிக்கிறேன், பல சமயம் கோட்டை விடுகிறேன்; ஆனால் விற்கலாமா என்று அவரிடம் கேட்பதற்கு முன், அவருக்கு உள்ளுக்குள் என்ன பயம் என்று கேட்டுவிடுகிறேன்.