ஞானத்தாயை அழைக்கக் கம்பம் போனேன்

கெத்செமனே தோட்டத்தில் இயேசு முகங்குப்புற விழுந்து ஜெபித்தாரே, யாரை நோக்கி ஜெபித்தார்? பிதாவை நோக்கி என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பிதாவும் அவரும் ஒரே தேவன் என்றால், கேட்டவர் யார், கேட்கப்பட்டவர் யார்? கம்பத்தில் ஓர் ஏலக்காய்க் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து என் அக்கா இதைக் கேட்டாள். மதுரைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. பதில் இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் படிப்பு முடிந்த பிறகு அந்த இரண்டு நாள் போல என் மனம் துள்ளியதும் இல்லை.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாப்பாவுக்கு எட்டு மாதம். எங்கள் சபையில் ஞானஸ்நானத்தின்போது ஞானத்தாய் ஒருத்தி குழந்தையை ஏந்தி நிற்க வேண்டும். பிதாவை, குமாரனை, பரிசுத்த ஆவியை விசுவாசிக்கிறாயா என்று ஆயர் கேட்பார். குழந்தைக்காக அவள் "விசுவாசிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். பெயர் அதற்குப் பிறகுதான். அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது என் மாமியார் வீட்டு வழக்கம்.

எஸ்தர் அக்காதான் ஞானத்தாய் என்று நான் உண்டாகியிருந்தபோதே பேசி வைத்திருந்தோம். எங்கள் அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்துப் படிக்க வைத்தவள் அவள். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தபின் அவளிடமிருந்து இன்லண்டு கடிதம் வந்தது. "திரித்துவத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல மாட்டேன். வேறு ஆள் பார்."

நான்கு வருடமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன், மூவரும் ஒரே தேவன் என்கிற திரித்துவப் பாடம் எனக்கு மனப்பாடம், நேரில் பேசினால் அரை மணியில் சரியாகிவிடும் என்று கணவரிடம் சொன்னேன். "தனியாகவா?" என்றார். தனியாகத்தான், பாப்பாவுடன்.

வெள்ளி, காலை 6.20. போடி பாசஞ்சர். தேனிக்கு டிக்கெட் இரண்டு ரூபாய் பத்துப் பைசா. பால் புட்டி, வெந்நீர் பிளாஸ்க், பத்துத் துணி, வேதாகமம் என்று எடுத்து வைத்திருந்தேன். வண்டி நகர்ந்ததும் கிரைப் வாட்டரை மறந்தது நினைவுக்கு வந்தது. இறங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் பிளாட்பாரம் போய்விட்டது.

உசிலம்பட்டியில் ஏறிய ஓர் அம்மாள் எதிரே உட்கார்ந்தார். மயிலாடும்பாறைக்காரர். பாப்பாவின் கன்னத்தைத் தொட்டு, "பிள்ள பேரு என்ன?" என்று கேட்டார்.

"இன்னும் வைக்கல."

"இம்புட்டு வளந்த பிள்ளைக்கா? எங்கூர்ல ஆட்டுக்குட்டிக்கே அன்னைக்கே பேரு வச்சிருவோமே."

"எங்க கோயில்ல தண்ணி ஊத்தித்தான் வைப்பாக."

"ஏன், மதுரையில தண்ணி இல்லையா?"

"தண்ணி இருக்கு. எங்க அக்கா வரணும்."

"கோவமா இருக்காளா?"

"கோவமில்ல. சாமியப் பத்தி ஒரு சந்தேகம்."

"சந்தேகத்துக்கா கைப்பிள்ளையத் தூக்கிட்டு ரயிலேறுன?" என்று சிரித்தவர், கூடையிலிருந்து இரண்டு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார்.

ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி மூச்சு வாங்கி ஏறியது. நடந்து வருபவரே முந்திவிடுவார் போல் இருந்தது. மேடு தாண்டியதும் மூன்று பக்கமும் மலை தெரிந்தது. எனக்குத் தெரிந்த மலைகள் ஆனைமலையும் அழகர் மலையும்தான். இவற்றைப் பார்த்ததும் நானே அறியாமல் பாப்பாவை ஜன்னலருகே தூக்கிப் பிடித்தேன். அப்புறம் கரி விழும் என்று பயந்து இறக்கிவிட்டேன்.

9.45, தேனி. கம்பம் நாற்பது கிலோமீட்டர், பஸ் கட்டணம் ஒரு ரூபாய் அறுபது பைசா. வீரபாண்டியில் முல்லையாறு நிறைந்து ஓடியது. சின்னமனூர் தாண்டியதும் இடது கையில் மேகமலை, வலது கையில் கேரளத்து மலை, நடுவில் நெல்வயலும் தென்னையும். செப்டம்பர் மாதத்தில் மதுரை காய்ந்து கிடக்க, இங்கே இத்தனை பச்சை. "ஷட்டர இறக்கிக்கங்கத்தா, சாரக்காத்து பிள்ளைக்கு ஆகாது" என்றார் கண்டக்டர். பாதி இறக்கினேன். முழுவதும் இறக்க மனம் வரவில்லை.

11.30, கம்பம். அக்கா என்னை வா என்று சொல்வதற்கு முன்னால் பாப்பாவை வாங்கிக்கொண்டாள். பாப்பாவும் அழாமல் அவளிடம் ஒட்டிக்கொண்டது. பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மாலை 3 மணி. அத்தானுடைய ஏலக்காய்க் கடையின் முன்பகுதியில் தராசு. உள்ளறையில் நான்கைந்து பெண்கள் முறத்தில் கொட்டிய காயில் வெடித்ததையும் வெளுத்ததையும் பொறுக்கிப் பிரிப்பார்கள். அக்காவும் அவர்களோடுதான் உட்காருவாள். அவள் பக்கத்தில் அடுத்த வீட்டு சுலைகா அக்கா, ராவுத்தர் வீட்டு அம்மா. பத்து வருடச் சிநேகிதம். "உங்க சாமி மூணா, ஒண்ணா?" என்று ஒருநாள் கேட்டவர் இவர்தான். பதில் தேடி வேதாகமத்தைத் தினமும் படிக்க ஆரம்பித்த அக்காவுக்கு, படிக்கப் படிக்கச் சந்தேகம் வளர்ந்துவிட்டது.

நான் தயாராக வந்திருந்தேன். சோடாக் கடையில் கால் ரூபாய்க்கு ஐஸ் கட்டி வாங்கினேன். ஒரு தம்ளரில் ஐஸ், இன்னொன்றில் தண்ணீர், மண்ணெண்ணெய் அடுப்பில் கெட்டில். மூன்றையும் அவர்கள் நடுவில் வைத்தேன். கெட்டிலின் மூக்கிலிருந்து ஆவி வந்தது. "இது மூணும் தண்ணிதான. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியும் அப்பிடித்தான்" என்று தொடங்கினேன். முன்னறையிலிருந்து அத்தான் ஓடி வந்தார்.

"ஏலக்காய்க்கு ஈரம் ஆகாதும்மா. நிறம் போயிட்டா சரக்கு போச்சு. ஒங்க திரித்துவத்தப் பின்கட்டுல வச்சுப் பேசுங்க."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். கெட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனோம். வேடிக்கை பார்க்க, காய் பொறுக்கும் பேச்சியம்மாளும் கூடவே வந்தார்.

அக்கா தம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏண்டி, இந்த ஐஸ் உருகுனா தண்ணி. தண்ணி கொதிச்சா ஆவி. ஒரே சொட்டு ஒரே நேரத்துல மூணாவும் இருக்குமா?"

"இருக்காது."

"அப்ப பிதா குமாரனா மாறினாரா? குமாரன் அப்புறம் ஆவியா மாறினாரா? அப்பிடின்னா தோட்டத்துல யாரு யாருகிட்ட ஜெபம் பண்ணுனது? ஐஸு கெட்டிலப் பாத்து ஜெபம் பண்ணுச்சா?"

"எங்க முருகனுக்கு ஆறு முகம். ஆளு ஒண்ணுதான. நாங்க என்ன எண்ணிக்கிட்டா இருக்கோம்?" என்று பேச்சியம்மாள் எனக்கு உதவிக்கு வந்தார்.

"அது முகம், பேச்சி. இவுக பாடத்துல மூணு முகம்னு இல்ல, மூணு ஆளுன்னு இருக்கு" என்றாள் அக்கா.

அவள் சொன்னது சரி. மூன்று ஆள்தத்துவம், ஒரே தேவன் என்றுதான் நாங்களும் படித்திருக்கிறோம். ஒருவரே மூன்று வேஷத்தில் வருகிறார் என்று சொல்லக் கூடாது, அது பழைய தப்புப் போதனை என்று வேதபாட வகுப்பில் நானே எழுதிப் பாஸ் செய்திருக்கிறேன். அந்தத் தப்பைத்தான் நான்கு வருடமாகத் தம்ளர் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சந்தேகப்படுகிற அக்காவுக்குத் திரித்துவம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. வெட்கமாகவும் இருந்தது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், உற்சாகமாகவும் இருந்தது. அடுப்படி, சளி, தடுப்பூசி தவிர வேறொன்றைப் பற்றி நான் பேசி எவ்வளவு நாளாயிற்று.

சனி, காலை 7.30. சுருளி அருவிக்குப் போனோம். பத்து கிலோமீட்டர், நாற்பது பைசா. சுலைகா அக்காவும் வந்தார். சுருளிப்பட்டி தாண்டியதும் சாலை ஓரம் முழுக்கத் திராட்சைப் பந்தல். ராத்திரியெல்லாம் யோசித்து ஒன்று கண்டுபிடித்திருந்தேன். அருவிச் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல முடிந்தது.

"அக்கா, தேவன் அன்பாகவே இருக்கிறார்னு எழுதியிருக்குல்ல. உலகத்தப் படைக்கிறதுக்கு முந்தி அவர் யாருகிட்ட அன்பா இருந்தாரு? தனியா இருந்தா அன்பு எப்பிடி? பிதா குமாரன்கிட்ட அன்பா இருந்தாரு. அதனாலதான் ஒருத்தரா மட்டும் இருக்க முடியாது."

அக்கா பாப்பாவின் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சுலைகா அக்கா மெதுவாகச் சொன்னார்: "நல்லாத்தான் சொல்லுற ஆத்தா. ஆனா அன்பு காட்ட ஒரு ஆளு வேணும்னா, அதுவும் ஒரு தேவைதான? அவனுக்கு எந்தத் தேவையும் இல்லைன்னு எங்களுக்கு ஓதிக் குடுத்திருக்காக."

"வெளியில இருந்து வேணும்னாத்தான் தேவை. இது அவருக்குள்ளயே இருக்கு" என்றேன்.

"ம். அதையும் யோசிக்கணும்" என்று சிரித்தார். அவர் தோற்கவில்லை, நானும் தோற்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் மூன்று பேரும் ஓயாமல் பேசினோம். பாப்பாவுக்குப் பால் கொடுக்கும் நேரம் முக்கால் மணி தாண்டியதைப் பிறகுதான் கவனித்தேன். என்ன தாய் நான் என்று மனம் குத்தியது.

பிற்பகல் 2 மணி, கம்பம் பஸ் நிலையம். அக்கா பாப்பாவை என்னிடம் கொடுக்கவே இல்லை. டிரைவர் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"நேத்து நீ சொன்னது ஒண்ணுமில்ல. இன்னைக்குச் சொன்னது நெசமாவே அழகா இருந்துச்சு. ஆனா அழகா இருக்குங்கறதுக்காக விசுவாசிக்கிறேன்னு சொல்ல முடியாதுல்ல."

"வாயால சொல்லிருக்கா. எத்தன பேரு அப்பிடித்தான் சொல்லுறாக."

"அத்தன பேருல ஒருத்தியா இவளுக்கு நிக்கணுமா? நான் வாரேன். கோயில் வாசல் வரைக்கும் நானே தூக்கிட்டு வாரேன். சந்தேகம் தீந்தா உள்ளயும் வாரேன். தீரலைன்னா பெரிய மனசு பண்ணி விட்ருடி."

நான் அழவில்லை. பாப்பாவை வாங்கிக்கொண்டு ஏறி, பஸ் உத்தமபாளையம் வரும்வரை அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மதுரையில் மணிக்கொரு முறை கோயில் மணியோ பாங்கோ கேட்கிறது. கேட்டுக்கொண்டே அரிசி களைகிறேன். கம்பத்தில் அதையெல்லாம் உட்கார்ந்து யோசிக்கிற பெண்கள் இருக்கிறார்கள், ஏலக்காய் பொறுக்கிக்கொண்டே.

ஆயரிடம் கேட்டு ஞானஸ்நானத்தைக் கிறிஸ்துமஸ் வாரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். என் நாத்தனார் ஞானத்தாயாக நிற்கத் தயார். நல்ல பெண். கேள்வி முடியும் முன்பே "விசுவாசிக்கிறேன்" என்று சொல்லிவிடுவாள். அதற்கு முன்னும் பின்னும் அதை நினைத்துப் பார்க்க மாட்டாள். அக்கா இரவும் பகலும் அதையே நினைக்கிறாள், சொல்ல மாட்டாள். என் மகள் வளர்ந்து கேள்வி கேட்கும்போது யாரிடம் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். யார் கையில் கொடுக்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு ஞானத்தாயாக நின்றிருக்கும் சகோதரிகளே, உங்கள் மனதில் முழு நிச்சயம் இருந்தா அன்று பதில் சொன்னீர்கள்? நான் நாத்தனாரையே நிற்கச் சொல்லட்டுமா, அக்காவுக்காக இன்னும் காத்திருக்கட்டுமா? டிசம்பருக்குள் எழுதுங்கள்.