அறுபத்தொன்றாம் டப்பி

சமையலறை ஜன்னல் கட்டையில் ஒரு சிறிய தகர டப்பி காய்ந்துகொண்டிருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் வட்ட டப்பி. கொதிக்கிற வெந்நீரில் இரண்டு முறை போட்டெடுத்தேன். போதுமா என்ற சந்தேகத்தில் மூன்றாம் முறையும் போட்டேன். மூடியில் சிவப்புப் பெயின்டால் எழுதிய 61 என்ற எண் இன்னும் அழியவில்லை. இத்தனை வருஷமாக அதில் ஊக்கும் பொத்தானும் போட்டு வைத்திருந்தேன். எண்ணை எழுதியவள் என் கல்லூரித் தோழி. விலங்கியல் வகுப்பில் எங்களுக்கு ஒரே பெஞ்சு, ஒரே மைக்ராஸ்கோப்.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் கோயமுத்தூரில் பி.எஸ்ஸி. படித்தோம். பட்டம் வாங்காத மாணவிகளும் கோடை விடுமுறையில் ஆராய்ச்சி செய்யலாம், அதற்கு வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று உதவித்தொகை தரும் என்று கல்லூரிப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். கொக்கிப்புழு எந்தெந்த வீட்டில் இருக்கிறது என்று கண்டறிகிற வேலை. ஈர மண்ணை வெறுங்காலில் மிதிப்பவர்களின் தோல் வழியாக உள்ளே போய், குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிற புழு அது. மலத்தைப் பரிசோதிக்கிற ஆராய்ச்சி என்றதும் ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. தோழி தன் பெயரோடு என் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள். வீட்டில் நான் ‘சுகாதார வேலை’ என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

அவள் கோட்டைமேட்டுக்காரி. அவளுடைய அப்பா அங்கே அத்தர் கடை வைத்திருந்தார். காலை பஸ்ஸில் எனக்கும் இடம் பிடித்துக்கொண்டு வருவாள். நான் துடியலூரில் ஏறிக்கொள்வேன். நாங்கள் போனது காரமடைக்குப் பக்கத்தில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். அறுபது வீடுகள். முதல் நாள் அவள் வாசலில் நின்று ஆட்களின் பெயரும் வயதும் எழுதினாள். வீட்டுக்கொரு டப்பியைக் கொடுத்து விளக்கிச் சொல்வது என் பொறுப்பு. “நாளைக்குக் காலைல இதுல கொஞ்சம் போட்டு வைங்க, வந்து வாங்கிக்கறோம்” என்று அறுபது வீட்டிலும் சொன்னேன். எதைப் போடுவது என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அவர்களுக்கே புரிந்துவிடும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அவர்களும் மரியாதைக்குத் தலையாட்டினார்களே தவிர, ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

மறுநாள் டப்பிகள் பளபளவென்று விளக்கப்பட்டுத் திரும்பி வந்தன. ஒன்றில் வறுத்த கடலை. ஒன்றில் நாட்டுச் சர்க்கரை. இன்னொன்றில் துவரம்பருப்பு. தோழி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பிறகு கிணற்று மேட்டில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

“வெறும் டப்பியவா திருப்பிக் குடுப்பாங்க அம்மணி? கொஞ்சம் போட்டு வைங்கன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?” என்றார் முதல் வீட்டு அம்மா, ஒன்றும் புரியாமல்.

தோழி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “அக்கா, நாங்க கேட்டது கடலை இல்லீங்க. காலைல வெளிய போவீங்கல்லங்க, அதுல ஒரு புளியங்கொட்டை அளவு. வயித்துல புழு இருக்குதான்னு பாக்கோணும்.”

“அட, இதுக்குத்தானா இந்தப் புள்ள நேத்து அந்த முழுங்கு முழுங்குச்சு?” என்று அந்த அம்மா என்னைக் காட்டினார். “அப்ப எங்கூட்டுக் கடலையக் கீழ வைங்க. நீங்க கேட்டதையே தந்துபோடறோம்!”

தெருவே சிரித்தது. ஆனாலும் கடலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த நாள் டப்பிகள் சரியாக வந்தன. பஸ்ஸில் கடலையைக் கொறித்துக்கொண்டே அவள் சொன்னாள்: “கேக்கறத நேராக் கேட்டுப்போடோணும் புள்ள. நாம வெக்கப்பட்டா, புழுவும் வெக்கப்பட்டு வெளிய வந்துருமா?”

மத்தியான வெயிலில் ஆய்வக அறை கொதிக்கும். சிறு குப்பிகளில் உப்புக் கரைசலை விளிம்பு வரை ஊற்றி, மேலே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்துக் காத்திருப்போம். புழுவின் முட்டைகள் மிதந்து வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். அவள் முதலில் பார்ப்பாள். கண்டதைச் சொல்லமாட்டாள். தலையை இடப்பக்கம் விலக்கி, “நீ பாரு” என்பாள். நானும் பார்த்த பிறகுதான் இருவரும் வாய் திறப்போம். என் பார்வைக்கும் மதிப்பு உண்டு என்று நான் அறிந்தது அந்த இரண்டு மாதங்களில்தான்.

எங்கள் அறிக்கை பிடித்துப்போய், பட்டம் முடிந்ததும் சென்னையில் ஓராண்டு பெல்லோஷிப் தர அறக்கட்டளை முன்வந்தது. இருவருக்கும்தான். விண்ணப்பத்தில் தகப்பனார் கையெழுத்து வேண்டும். தோழி கடையில் ஆட்கள் நிற்கும்போதே தன் அப்பாவிடம் நீட்டினாள். இரண்டு முறை முடியாது என்றவர், மூன்றாம் முறை போட்டுக் கொடுத்தாராம். என்னை அந்த வாரம்தான் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். விண்ணப்பத்தைப் புடவை அடுக்கின் அடியில் வைத்தேன். அப்பா சாப்பிட்டு முடிக்கட்டும், நாளைக்குக் கேட்கலாம், வெள்ளிக்கிழமை கேட்கலாம் என்றே கடைசி நாள் கழிந்தது. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவேயில்லை. தோழியிடம் மட்டும், “ஊட்ல ஒத்துக்கலை” என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். எதையும் நேராகக் கேட்பவள், அன்று ஒன்றும் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று இந்த டப்பியை என் கையில் வைத்தாள். உள்ளே கற்கண்டு. “அறுபது ஊடு முடிஞ்சுது. இது உன்ற ஊட்டுக்கு” என்றாள்.

சென்னைக்குப் போனவள் அங்கிருந்து கடல் தாண்டிப் போய்விட்டாள். “இங்கேயும் வாழை, இங்கேயும் வெறுங்கால். புழுவுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம்” என்று ஒருமுறை எழுதியிருந்தாள். பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தபோது அந்த விண்ணப்பத்தைப் பற்றி அப்பாவிடம் விளையாட்டாகச் சொல்வதுபோல் சொன்னேன். “எந்தப் பாரம் கண்ணு? காட்டியிருந்தா போட்டிருப்பனே” என்றார். உண்மையிலேயே போட்டிருப்பாரா, கல்யாணம் நல்லபடியாக முடிந்த பிறகு சொல்வது எளிது என்பதால் சொன்னாரா? பிள்ளைக்குப் பாலூட்டும்போதெல்லாம் இதையே மாற்றி மாற்றி யோசித்திருக்கிறேன்.

இப்போது மகளுக்கு மூன்று வயது. பல்லடத்துப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில், குளிக்கிற தண்ணீர் பாயும் வாழையடியில்தான் எப்போதும் விளையாட்டு. இந்த வருஷம் அவளுடைய நகமும் உதடும் வெளுத்தன. சுவரைச் சுரண்டித் தின்றாள். அறுபது வீட்டில் கண்ட புழுவின் அடையாளங்கள், எனக்குத் தெரியாதா? ஆனாலும் மாமியார் கண் பட்டுவிட்டது என்று சுற்றிப்போட்டபோது, பெரியவர்கள் சொல்வதும் சரியாக இருக்கலாம் என்று ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். போன வாரம் குழந்தை நடக்க மாட்டாமல் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஊக்குகளைக் கீழே கொட்டிவிட்டு டப்பியோடு மாமியார் முன்னால் போய் நின்றேன்.

“அத்தை, பாப்பாவோட மலத்த ஆஸ்பத்திரில குடுத்துப் பாக்கோணுங்க. இது புழு. நான் படிச்சப்ப செஞ்ச வேலைங்க இது.”

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தெரிஞ்சுமா அம்மணி இத்தன நாள் வாய மூடிட்டு இருந்தே? சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுபோடுவேன்?”

டப்பியில் கொண்டுபோனதை ஆஸ்பத்திரி ஆய்வகக்காரர் பார்த்துவிட்டு, “கொக்கிப்புழுதானுங்க. மருந்துல போயிருமுங்க, பயப்படாதீங்க” என்றார். நான் ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டேன். வியப்போடு நகர்ந்து இடம் விட்டார். மெல்லிய ஓடு, உள்ளே தெளிவான இடைவெளி, நடுவில் நான்கு உருண்டைகள். ஒன்றுமே மாறவில்லை. பார்த்து முடித்து, தலையை இடப்பக்கம் விலக்கி, “நீ பாரு” என்றேன்.

“என்னங்க?” என்றார் அவர்.

நேற்று விமானத் தபால் தாளில் தோழிக்கு எழுதினேன். எண் 61. பெண். வயது மூன்று. முட்டை உண்டு. மருந்து கொடுத்தாயிற்று. அதற்குக் கீழே நெடுநேரம் பேனா நகரவில்லை. பிறகு, ‘அந்த விண்ணப்பத்தை நான் அப்பாவிடம் காட்டவேயில்லை’ என்று எழுதி, மறுபடி படித்தால் கிழித்துவிடுவேன் என்று உடனே ஒட்டிவிட்டேன்.

டப்பியையும் தனியே பார்சலில் அனுப்பப்போகிறேன். அது அவளுடையது. ஆனால் வெறும் டப்பியாகத் திருப்பிக் கொடுக்க முடியாதே. அடுப்பில் கடலை வறுபடுகிறது. அவள் மூடியைத் திறந்து சிரிக்கும்போது நான் பக்கத்தில் இருக்கமாட்டேன்.