மணலில் புதைத்த ஃப்ளாஷ்

போன வருடத்துக்கு முந்தைய வருடம், கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகிற ரோட்டில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்து மாதா கோயில். அங்கே கேமராவோடு போயிருந்தேன். அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இன்னும் நெஞ்சு பதறும், கூடவே நிறைந்தும் போகும்.

முதலில் என் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. ஷிஃப்ட் ஆரம்பித்ததும் மிஷினிலிருந்து விழும் முதல் பீஸை என்னிடம் கொண்டுவர வேண்டும். நான் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் லைன் ஓடும். முடியளவு பிசகினாலும் நிறுத்திவிடுவேன். சூப்பர்வைசர் வந்து தலையில் அடித்துக்கொண்டாலும் மசிய மாட்டேன். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் போட்டோகிராபர். காதுகுத்து, பிறந்தநாள், வளைகாப்பு என்று தெரிந்தவர்கள் வீட்டு விசேஷங்களை எடுத்துக் கொடுப்பேன்.

கம்பெனி பஸ்ஸில் போனைத் தடவிக்கொண்டு போகும்போதுதான் அந்த வீடியோ வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு ஃப்ளாஷ். கேமரா தலையில் மாட்டினால் போதும், எதிரே இருக்கும் முகத்தைத் தானே கண்டுபிடித்து, அதற்கேற்ற வெளிச்சம் கொடுக்குமாம். பொருள் இன்னும் தயாராகவில்லை. ஊர் உலகத்தில் விருப்பப்பட்டவர்கள் முன்கூட்டியே பணம் போட்டால், அதை வைத்துத் தயாரித்து அனுப்புவார்கள். கடைக்கு வந்தபிறகு வாங்கினால் விலை இரட்டிப்பு. இது கடை அல்ல, பொருள் வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று அவர்களுடைய இணையப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை நான் ரொம்பப் பின்னால்தான் படித்தேன். பஸ் கேட்டுக்குள் நுழைவதற்குள் பணம் போட்டாகிவிட்டது.

நாலு மாதத்தில் வரும் என்றார்கள். பதினோரு மாதம் ஆனது. மாதம் ஒரு மெயில் வரும். அச்சு தயார், சிப் கிடைக்கவில்லை, நிறத்தை மாற்றுகிறோம் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு கதை, கூடவே சிரித்துக்கொண்டு நிற்கும் நாலு பேர் படம். பணம் போட்ட மற்றவர்கள் கீழே திட்டித் தீர்த்துக்கொண்டிருப்பார்கள். பொறுமையில்லாத ஜனங்கள் என்று நினைத்துக்கொள்வேன். எங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவன் ஒரு நாள் தாமதித்தால் போனிலேயே உண்டு இல்லை என்று ஆக்குகிற ஆள்தான் இப்படி நினைத்தேன். கடைசியில் 'அனுப்பிவிட்டோம்' என்று மெயில் வந்த அன்றே என் பழைய ஃப்ளாஷை விற்றுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பேக்கிங்கில் வேலை பார்க்கும் அக்கா என்னிடம் வந்தார். அவர் மகளுக்குப் புதுநன்மை. கத்தோலிக்கக் குழந்தைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள், வாழ்க்கையில் ஒரு தடவைதான் வரும்.

"எங்க வூட்டுக்காரரு துபாய்ல கீறாரு தம்பி. மொதலாளி லீவு குடுக்க மாட்டேன்னுட்டான். போன்ல காட்டலாம்னா வேலை செய்ற எடத்துல போனயே உள்ள வுட மாட்டாங்களாம். பாப்பா நன்மை வாங்கற அந்த ஒரு போட்டோவாவது நல்லா வரணும். அத ரூம்ல மாட்டி வெச்சிக்கணும்னு சொல்லிகினே கீறாரு."

"கவலைய வுடுக்கா. புது ஐட்டம் வருது. ஸ்டுடியோக்காரன்லாம் தோத்தான்" என்றேன். வாய்க்கு மட்டும் எனக்குக் குறைச்சலே இல்லை.

பார்சல் வந்தது சனிக்கிழமை சாயங்காலம். பிரித்தேன், சார்ஜில் போட்டேன், காலையில் எடுத்துப் பையில் வைத்தேன். அவ்வளவுதான். முதல் பீஸ் பார்க்காமல் லைனை ஓட விடாதவன், என் சொந்தப் பொருளை வீட்டுச் சுவரைப் பார்த்துக்கூட ஒரு தடவை அடித்துப் பார்க்கவில்லை. பதினோரு மாதம் காத்திருந்ததில் அது எனக்கு ஏற்கெனவே நல்ல பொருளாகிவிட்டிருந்தது.

கோயிலுக்குள் நல்ல இருட்டு. பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் வெள்ளை உடையில், கையில் மெழுகுவர்த்தியோடு முன்வரிசையில் நின்றார்கள். முதல் அரை மணி நேரம் ஃப்ளாஷ் பிரமாதமாக வேலை செய்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நெற்றியில் சூடு பட்டது, கோடைக்காலம், கூட்டம் என்று நினைத்தேன். நகப்பூச்சு மாதிரி இனிப்பாக ஒரு வாடை வந்தது, பக்கத்தில் நிற்கிற பெண்கள் யாராவது பூசியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால், வெள்ளை ஷாலைத் தலையில் முக்காடாகப் போட்ட ஒரு பெண். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும்.

"அண்ணே, கேமராவ மூஞ்சிய விட்டுத் தள்ளிப் பிடிங்க. மேல இருக்கது ஊதிட்டு வருது."

"பூசை நடக்குதுல்ல, அப்பால பேசு" என்று எரிந்து விழுந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவர் வாதாடவில்லை. கையை நீட்டி ஃப்ளாஷைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். சண்டை பிடிக்கத்தான் நான் பின்னாலேயே ஓடினேன். மாதா சிலைக்குக் குகை மாதிரி கெபி கட்டுவதற்காகக் கொட்டியிருந்த மணலில் அதைப் போட்டு, காலால் மணலைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மணலுக்குள்ளிருந்து சீறும் சத்தம் கேட்டது. புகை வந்தது. பிறகு ஒரு சாண் உயரத்துக்குத் தீ எழும்பி, டப்பென்று வெடித்தது. இரண்டு நிமிடத்துக்கு முன்னால் அது என் கண்ணுக்கு மூன்று விரல் மேலே இருந்தது. எதிரே நைலான் கவுன் போட்ட குழந்தைகள்.

"மொபைல் கம்பெனில பேட்டரி செக்‌ஷன்ணே நான். இந்த வாடை வந்தா தள்ளிப் போயிரணும்னு மொத நாளே சொல்லித் தருவாவ" என்றார். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறவராம். ராத்திரி ஷிஃப்ட் முடித்து, தூங்காமல், கூட வேலை செய்யும் தோழியின் ஊர்க் கோயிலுக்குப் பூசை பார்க்க வந்திருக்கிறார்.

பயம் தெளிந்ததுமே அக்கா முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் நன்மை கொடுப்பார்கள். என்னிடம் புது ஃப்ளாஷும் இல்லை, பழையதும் இல்லை. அந்த இருட்டில் எடுத்தால் படம் கலங்கித்தான் வரும். திட்டிய வாயாலேயே அந்தப் பெண்ணிடம் புலம்பினேன். துபாயில் இருக்கும் அப்பாவைப் பற்றியும் சொன்னேன்.

"வெளிச்சம் வேணும், அம்புட்டுதான?" என்றார்.

வெளியே காலை வெயில் பளீரென்று அடித்தது. பக்கக் கதவை முழுக்கத் திறந்து, வெள்ளையாக எதையாவது விரித்துப் பிடித்தால் வெயிலை உள்ளே திருப்பலாம் என்றேன். உடனே தலையிலிருந்த ஷாலை எடுத்தார். கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியாரிடம் பேசிக் கதவை விரியத் திறக்கச் செய்தார். படியில் நின்று ஷாலின் இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். நான் உள்ளே இருந்து கொஞ்சம் மேலே, கொஞ்சம் இப்படி என்று சைகை காட்ட, அப்படியே திருப்பினார். ஷாலில் பட்ட வெயில் குழந்தைகளின் முகத்தில் இதமாக விழுந்தது. அக்கா மகள் கண்ணை மூடி நன்மை வாங்கிய அந்த நொடி, நான் இதுவரை எடுத்த படங்களிலேயே நல்ல படமாக வந்தது.

பூசை முடிந்து தேடினால் ஆளைக் காணோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டதாக அவருடைய தோழி சொன்னார்.

மதியம் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒரு படத்தின் ஓரத்தில் ஷாலைப் பிடித்த கை விழுந்திருந்தது. அந்த ஓரத்தை வெட்டிவிடலாம் என்று பெரிதாக்கியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சிவந்து கொப்பளித்திருந்தன. கொதிக்கிற ஃப்ளாஷை வெறுங்கையால் கழற்றியிருக்கிறார். அந்த விரல்களால்தான் அவ்வளவு நேரம் ஷாலைப் பிடித்துக்கொண்டும் நின்றிருக்கிறார்.

அதன்பிறகுதான் ஃப்ளாஷ்காரர்களின் பக்கத்தைத் திறந்தேன். என்னுடையது உப்பிவிட்டது, யாரும் பயன்படுத்தாதீர்கள் என்று யாரோ ஒருவர் மூன்று நாள் முன்னாலேயே எழுதி வைத்திருந்தார். நான் பொறுமையில்லாதவர்கள் என்று நினைத்த கூட்டத்தில் அவரும் ஒருவர். நானும் நடந்ததை எழுதினேன். பதில் இல்லை. கொஞ்ச நாளில் அந்தப் பக்கமே காணாமல் போனது.

நடந்த எல்லாவற்றையும் திங்கட்கிழமை அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "மொதல்ல அந்தப் பொண்ணப் பாக்கணும்" என்றார். தோழி மூலமாகச் சொல்லியனுப்பி, அடுத்த ஞாயிறு அதே கோயிலில் சந்தித்தோம். அக்கா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா பொண்ணும்மா நீ. கை இப்பிடி வெந்துகீது, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா அண்ணே போட்டோவ விட்டுட்டு என்னைய ஆஸ்பத்திரிக்குல்லா கூட்டிட்டுப் போயிருப்பாவ. அதுக்குள்ள பிள்ள நன்மை வாங்கி முடிச்சிருக்கும்" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "எங்க அப்பாவும் கப்பல்லதான்க்கா இருந்தாவ. என் நன்மைக்கு அவங்களுக்கு அனுப்ப ஒரு படங்கூட எங்ககிட்ட இல்ல" என்றார்.

அக்கா அவரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார். என்னால் நன்றி என்ற ஒரு சொல்லை அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகும் ஒவ்வொரு தடவையும், முகம் தெரியாத ஒரு தகப்பனின் ஆசைக்காக வெந்த விரல்களோடு வெயிலில் நின்ற அந்தப் பெண்ணுக்கு அந்த நன்றியை இன்னும் ஒழுங்காகச் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது.