பூதக்கண்ணாடியாரும் திங்கட்கிழமைக் கடிதமும்

தெருவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் வந்த பேர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவியைக் கேட்டால் வேறு காரணம் சொல்வாள். யாராவது ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டால்கூட, இவன் எதற்காகக் கேட்கிறான் என்று சாயங்காலம் வரை யோசிக்கிற மனிதர்.

கடை அவருக்கும் தங்கைக்கும் பொது. முன்பக்கம் தங்கை. ஃப்ரேம்களை எடுத்துக் காட்டுவாள், காதில் உரசினால் வளைத்துக் கொடுப்பாள், வந்தவர்களிடம் சிரித்துப் பேசுவாள். தடுப்புக்குப் பின்னால் இவர். லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்ப்பார், விளிம்பை மழுக்குவார், நாள் முழுக்க எதையாவது முணுமுணுப்பார். பதினெட்டு வருடமாக இந்த ஏற்பாட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை.

போன வருடம் தங்கை வாரம் ஒரு கடிதம் அனுப்ப ஆரம்பித்தாள். வந்தது வினை. திங்கட்கிழமை காலையில் வாடிக்கையாளர்கள் எல்லோருடைய போனுக்கும் அது போகும். மனசுக்கு ஒரு வார்த்தை, தொழிலுக்கு ஒரு வார்த்தை, படிக்க ஒரு புத்தகம், கேட்க ஒரு பேச்சு. ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. கண்ணில் ஒரு கோளாறும் இல்லாதவர்கள்கூடக் கடைக்கு வந்து நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பூதக்கண்ணாடியார் ஒவ்வொரு கடிதத்தையும் நாலு தடவை படிப்பார். ரசிப்பதற்கா? அதுதான் இல்லை. யாருக்குப் பொடி வைத்து எழுதியிருக்கிறாள் என்று பார்ப்பதற்கு.

‘அவசரத்தில் செய்த வேலை நம்மிடமே திரும்பி வரும்’ என்று ஒரு வாரம் வந்தது. முந்தின சனிக்கிழமைதான் இவர் தேய்த்த லென்ஸ் ஒன்று ஃப்ரேமில் பொருந்தாமல் திரும்பியிருந்தது. சரி, நமக்குத்தான் என்று முடிவுகட்டினார். அடுத்த வாரக் கடிதம் அதைவிட மோசம். ‘நன்றாக உழைக்கும் இரண்டு பேருக்கு நடுவில் கொஞ்சம் காற்று வேண்டும்.’ அதோடு விட்டாளா? படிக்க, தனியாகக் கடை தொடங்குவது பற்றி ஒரு புத்தகம். கேட்க, குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து ஜெயித்த ஒரு பெண்ணின் பேச்சு.

கடையின் வாடகை ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்க இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். தங்கையோ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

“அவ பிரிஞ்சு போகப்போறா. காத்து வேணுமாம், எழுதியிருக்கா” என்றார் மனைவியிடம்.

“காத்துதானே கேட்டா? ஜன்னலத் திறந்து வைங்க.”

இவளும் அவள் கட்சிதான் என்று நினைத்துக்கொண்டார். அவள் நம்மைக் கைகழுவுவதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை அடுத்த தெருவிலிருந்த பெரிய கண்ணாடிக் கடைக்குப் போய், திங்கட்கிழமையிலிருந்து லென்ஸ் வேலைக்கு வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த முதலாளிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

சனிக்கிழமை மதியம், கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துத் தங்கையின் முன்னால் போய் நின்றார்.

“பிரியணும்னா நேரா சொல்லும்மா. ஊருக்கே கடிதம் போட்டு எனக்குச் சொல்ல வேண்டாம்.”

அவள் விழித்தாள். எந்தக் கடிதம் என்று கேட்டாள். அவர் சொன்னதும் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு டைரியை எடுத்துப் பிரித்து வைத்தாள். ‘ரெண்டு மெஷினும் ஒட்டி ஓடினா சூடாகுது, நடுவுல காத்து போகணும் – அண்ணன், செவ்வாய்.’ ‘அவசரமாத் தேய்ச்சா நம்ம தலையிலதான் வந்து விழும் – அண்ணன், சனி.’ பக்கம் பக்கமாக அவர் முணுமுணுத்ததெல்லாம் தேதியோடு இருந்தது.

“நீ அங்க புலம்புறது இங்க நல்லாக் கேக்கும். கொஞ்சம் சோப்புப் போட்டுக் கழுவி அனுப்புறேன், அவ்வளவுதான்.”

“அந்தப் புத்தகம்? அந்தப் பொம்பள பேச்சு?”

“நம்ம கடைக்கு வர்ற டீச்சரம்மா ரிட்டயர் ஆகிக் கடை வைக்கப்போறாங்களாம், அவங்க கேட்டாங்க.” இழுப்பறையின் அடியிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினாள். “அஞ்சு வருஷத்துக்கு. காலையிலேயே நான் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

அவமானத்தில் அவருக்குக் காது வரை சுட்டது. அப்போதும் ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பிறகு, மறைக்கத் தெரியாமல், அடுத்த தெரு விஷயத்தைக் கொட்டிவிட்டார்.

தங்கை டைரியை மூடி வைத்தாள்.

“அப்போ பிரிஞ்சு போனது நீதான்” என்றாள்.

“நான் போகலம்மா. சாயங்காலம் அவர்கிட்ட வரலேன்னு சொல்லிடுறேன். நம்பு.”

“இப்பவே போன் போடு.”

“சொல்றேன்னுதானே சொல்றேன்…”

“என் முன்னாடியே பேசு. ஸ்பீக்கர்ல போடு.”

அவருக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஊரையே சந்தேகப்பட்டவரை இதுவரை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. தங்கை ஒருநாளும் பட்டதில்லை. ‘நானா பொய் சொல்வேன்?’ என்று கேட்க வாயெடுத்தார், கேட்கிற யோக்கியதை இல்லை என்று தெரிந்து மூடிக்கொண்டார்.

நம்பரை அழுத்தி, போனை மேசைமேல் வைத்தார். மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் போனைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.