செல்வமாரி கட்டி இழுத்த இரண்டு கேன்கள்

செல்வமாரிக்குப் பிளஸ் டூவில் எல்லாப் பாடமும் பாஸ். பிளஸ் ஒன் இயற்பியல் மட்டும் அரியராக நின்றுகொண்டிருந்தது. அதை முடிக்காமல் கோவில்பட்டியில் லேப் டெக்னீசியன் படிப்புக்கு யாரும் இடம் தரமாட்டார்கள். புதூர்ப் பக்கம் ஆடு மேய்க்கும் அவளுடைய அப்பா மாடக்கண்ணுவோ, மகள் வெள்ளைக்கோட்டு போட்டு ஆஸ்பத்திரியில் உட்காரப்போகிறாள் என்று பஸ் ஸ்டாப் டீக்கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டார். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அவள் கோட்டைவிட்டதும் மனுசன் அந்தக் கடைப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. டீ இல்லாவிட்டால் கை ஓடாத ஆள் அவர்.

"இன்னொரு தடவ எழுதிப் பாரு தாயி. அதுவும் ஆகலேன்னா புஸ்தகத்தக் கட்டிப் பரண்ல போட்டுருவோம்," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவளை மடக்கியது ஒரு கணக்கு. உராய்வற்ற தளத்தில் இரண்டு பெட்டிகள், நடுவில் அவற்றைச் சேர்க்கும் ஒரு கயிறு. முன்பெட்டியைப் பிடித்து ஒரு விசை இழுக்கிறது. நடுக்கயிற்றில் இழுவிசை எவ்வளவு? கையில் எவ்வளவு இழுப்போ அவ்வளவுதான் என்று எழுதுவாள் செல்வமாரி. அவள் ஊர்க் கிணற்றில் ஒரே கயிறு, ஒரே வாளி. கை இழுப்பது அப்படியே வாளிவரை போகும். அப்புறம் அந்த உராய்வற்ற தளம். கேள்வி எழுதிய புண்ணியவான் மழை பெய்த மறுநாள் கரிசல்காட்டில் நடந்து பார்த்திருக்கமாட்டார். அங்கே செருப்பு ஒரு பக்கம் நிற்கும், கால் ஒரு பக்கம் போகும். ஒரு கேள்வியால் யாரும் ஃபெயிலாவதில்லைதான். ஆனால் அதில் மாட்டியதும் அவளுக்குப் பதற்றம் ஏறி, தெரிந்த விடையும் மறந்துபோகும்.

இதற்கிடையில் அவள் கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பஞ்சுத் திரி சுருண்டு நிறையும் இடுப்புயர டப்பாக்களை அங்கே கேன் என்பார்கள். அடியில் சக்கரம் உண்டு. வழவழவென்ற மில் தரையில் விரலால் தொட்டாலே நகரும். ஒரு தடவைக்கு ஒரு கேன் என்பது மில்லின் சட்டம். மேஸ்திரி தலை மறைந்ததும் இரண்டைத் துணியால் பிணைத்து ஒரே இழுப்பாக இழுப்பது பெண்களின் சட்டம். முன்கேனில் ஒரு துணி கட்டிக் கையில் பிடித்துக்கொள்வார்கள். அது புதுத் துணி. இரண்டு கேனுக்கும் நடுவில் ஏதாவது நைந்த கந்தல். ஏன் அப்படி என்று யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் அவசரத்தில் செல்வமாரி மாற்றிக் கட்டிவிட்டாள். புதுத் துணி நடுவில், கந்தல் கையில். வெடுக்கென்று இழுத்துக் கிளப்பினாள். கந்தல் அறுந்தது. அவள் மல்லாக்க விழுந்தாள். கேன்கள் இரண்டும் ஜோடி பிரியாமல் நின்றன.

கூட வேலைபார்க்கும் சொர்ணத்தாய் ஓடிவந்தாள். "ஏட்டி, நல்ல துணியப் போயி நடுவுல கட்டி வச்சிருக்கியே, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

செல்வமாரி எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே துணிகளைப் பார்த்தாள். தினம் நடுவில் கிடந்து அறுந்துபோகாத அதே கந்தல், கைப்பக்கம் வந்ததும் ஏன் அறுந்தது?

"யக்கா, கைத்துணி ரெண்டு கேனையும் கிளப்பணும். நடுத்துணி பின்னாடி இருக்கதை மட்டுந்தான கிளப்புது?"

"அதுக்கு ஏன் தரையில இருந்து சொல்லுத? எந்திரிட்டி, மேஸ்திரி வந்துருவாரு."

அவள் எழுந்து நிறைந்த கேனைப் பின்னால் கட்டி, காலிக் கேனை முன்னால் விட்டு இழுத்துப் பார்த்தாள். கிளம்பும்போது நடுத்துணி விறைத்தது. இடம் மாற்றிக் கட்டினாள். கைக்கு அதே கனம்தான், நடுத்துணியோ பேருக்குத்தான் இழுபட்டது. வாய்விட்டுச் சிரித்தாள். பிள்ளை பின்மண்டையில் அடிபட்டிருக்குமோ என்று சொர்ணத்தாய்க்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

மூன்றாம் தடவைப் பரீட்சையில் அந்தக் கணக்கு வந்தது. முன்னால் இரண்டு கிலோ, பின்னால் மூன்று கிலோ, விசை பத்து நியூட்டன். பெட்டி இருந்த இடத்தில் கேன்களை வைத்துக்கொண்டாள். மொத்தம் ஐந்து கிலோவும் சேர்ந்து போகிறது, முடுக்கம் இரண்டு. நடுக்கயிறு பின்னாலுள்ள மூன்று கிலோவை மட்டும் இழுக்கிறது, ஆகவே ஆறு நியூட்டன். பெட்டிகளை இடம் மாற்றினால்? முடுக்கம் மாறாது, இழுவிசை நான்காகக் குறையும். எழுதி அடிக்கோடிட்டாள். அதற்கப்புறம் தெரிந்த விடை எதுவும் மறந்துபோகவில்லை.

ரிசல்ட் வந்தபோது மில் பஸ்ஸில் இருந்தாள். பாஸ். பக்கத்து சீட்டில் இருந்த சொர்ணத்தாய் பஸ் முழுக்கக் கேட்கும்படி, "அந்தக் கணக்கு எங்க கந்தல்ல வந்தது" என்று பெருமையில் பாதிப் பங்கை எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள் செல்வமாரி.

அப்பாவுக்குப் போனில் சொல்லியிருந்தாள். பஸ்ஸைவிட்டு இறங்கினால், ஆடுகளை ஓடைப்பக்கம் விட்டுவிட்டு மாடக்கண்ணு டீக்கடை பெஞ்சில் நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிறார். கையில் டீ. கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"அந்தக் கயித்துக் கணக்கு வந்துச்சாம்மா?"

"வந்துச்சுப்பா. போட்டுட்டேன்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

மில்லில் தரையில் உட்கார்ந்திருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"யாரும் சொல்லித் தரலப்பா. நானே கண்டுபிடிச்சேன்."

மாடக்கண்ணு டீ கிளாஸைக் கீழே வைத்தார். கடைக்காரரைப் பார்த்தார், பெஞ்சிலிருந்தவர்களைப் பார்த்தார், பஸ் ஏற நின்றவர்களையும் விடவில்லை.

"கேட்டியளா," என்றார். "அவளே கண்டுபிடிச்சாளாம்."