ஆயிரத்தில் எத்தனை பேர்

நெரிஸ் ஆய்வறிக்கைகளைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிப்பார். முதல் பக்கத்தில் பல்கலைக்கழகத்தின் பெருமை இருக்கும். எதெல்லாம் தங்களுக்குத் தெரியவில்லை என்பதை ஆராய்ச்சியாளர்கள் கடைசியில், பொடி எழுத்தில்தான் ஒப்புக்கொள்வார்கள். ஒரு கையில் பென்சில், மறு கையில் சாக்லேட் பிஸ்கட். உடல்நலப் பக்கத்துக்கு எழுதுகிறவர் இதைச் சாப்பிடலாமா என்று வேல்ஸின் ஸ்வான்ஸீ நகரத்து நாளிதழில் யாராவது கேட்டால், "பயந்துக்கிட்டே எழுதினா படிக்கிறவங்களும் பயப்படுவாங்க" என்பார்.

டாக்டர்களைத் தொலைபேசியில் பிடித்து அவர் கேட்பது ஒரே கேள்வி. "சதவீதம் வேண்டாம் சார். ஆயிரம் பேர்ல எத்தனை பேர்?" சிலர் சிரிப்பார்கள். சிலர், பிறகு கூப்பிடுவதாகச் சொல்லிக் கூப்பிடாமலே போவார்கள்.

செவ்வாயன்று வந்த அறிக்கை, ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்தப்படும் உணவுகளைப் பற்றியது. அவற்றை அதிகம் உண்பவர்களுக்கு ஒரு குடல்நோய் ஐம்பது சதவீதம் கூடுதலாக வருகிறதாம். நெரிஸ் கேட்டு வாங்கிய கணக்கில், ஆயிரத்துக்கு இரண்டு பேர் என்பது மூன்று பேர் ஆகிறது. குளிர்பானத்திலும் பதப்படுத்திய இறைச்சியிலும்தான் சந்தேகம். பாக்கெட் ரொட்டியைத் தனியே பார்த்தபோது ஆபத்து எதுவும் தென்படவில்லை. அத்தனையையும் எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தபோது செய்தி இணையத்தில் ஏறியிருந்தது. படத்தில் வெட்டிய ரொட்டித் துண்டுகள். மேலே, 'உங்கள் வீட்டு ரொட்டியில் ஒளிந்திருக்கும் நோய்: 50% கூடுதல் ஆபத்து.' அவருடைய இரண்டும் மூன்றும் பதினோராம் வரியில் கிடந்தன.

தலைப்பு போடும் ஹூயல் எதிர் மேசைக்காரர். "என்ன ஹூயல் இது? ரொட்டியில ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கேன்ல."

"பர்கர் படம் போட்டா, நான் அதைத் திங்கறதில்லன்னு தாண்டிப் போயிடுவாங்க கண்ணு. ரொட்டி இல்லாத வீடு இருக்கா?"

"அதான் சொல்றேன். எல்லா வீட்லயும் இருக்கு. நிறுத்திட்டா?"

"ஒரு தலைப்பைப் பார்த்து யார் நிறுத்தப் போறா? நீ இளகின மனசுக்காரி. மத்தவங்க கடைக்குப் போயிட்டே இருப்பாங்க."

மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது. பக்கத்து ஊரான நீத்திலிருந்து, செய்தியைப் படித்த ஒரு பெண். ஏழு வயது மகள் இரண்டு வருடமாகச் சாப்பிடுவதே அந்த ரொட்டியும் டின் பீன்ஸும்தான். வேறு எதை வைத்தாலும் வாயைத் திறப்பதில்லை. "இன்னிக்கு மத்தியானம் ரொட்டியைக் குடுக்கலீங்க. காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வெறும் தண்ணிதான் குடிச்சிருக்கா. நானே அவளுக்கு நோயை ஊட்டிட்டிருந்தேனா?"

"இல்லம்மா. இப்பவே ரொட்டியைக் குடுங்க. அதுல எந்த ஆபத்தும் அவங்க கண்டுபிடிக்கல."

"அப்போ ஏங்க அப்படிப் போட்டீங்க?"

நெரிஸ் எழுந்து, வயர் எட்டும் மட்டும் ரிசீவரை மேசைக்கு அப்பால் நீட்டினார். ஹூயல் திரையிலிருந்து கண்ணை எடுத்து, அதைக் கையில் வாங்கும்வரை நீட்டியபடியே நின்றார்.