புளியமரத்தின் மேல் போட்ட கையெழுத்து

என் தகரப்பெட்டியின் அடியில் ஒரு விண்ணப்பத் தாள் கிடக்கிறது. பள்ளியில் குரூப் மாற்றிக் கேட்டு நான் எழுதியது. கீழே அப்பாவின் கையெழுத்து, மேடும் பள்ளமுமாக. வெட்டிச் சாய்த்த புளியமரத்தின் மேல் தாளை வைத்துப் போட்டார்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த வருஷம் அது. நான் கள்ளக்குறிச்சியில் பதினொன்றாம் வகுப்பு. வணிகவியல் குரூப்பில் தள்ளிவிட்டிருந்தார்கள். எனக்கோ டாக்டர் ஆசை. உயிரியல் குரூப்பில் ஒருத்தி விலகி, ஓர் இடம் காலியானது. மறுநாள் மாலைக்குள் அப்பா கையெழுத்தோடு வராவிட்டால் அடுத்த பெண்ணுக்கு என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். விடிந்து பார்த்தால் பள்ளிக்குப் போகும் சங்கராபுரம் சாலை முழுக்க மறியலுக்கு வெட்டிப் போட்ட மரங்கள்.

எங்களூர் வளைவில் கிடந்த மரத்தின் மேல் கோடாலியோடு உட்கார்ந்திருந்தவர் வேறு யாருமல்ல, என் அப்பாதான். போலீஸ் ஜீப் வருவதாகப் பேச்சு. நான் விஷயத்தைச் சொன்னதும் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, “வூட்டுக்குப் போ” என்றார்.

“இன்னைக்கே குடுக்கணும்பா. சைக்கிளத் தூக்கி அந்தாண்ட வுடுங்க.”

“அடுத்தவன் புள்ளைய நிறுத்திட்டு என் பொண்ண மட்டும் வுட்டா மூஞ்சில துப்ப மாட்டானா? உங்களுக்காவத்தான குந்திக்கினு இருக்கறேன். ரோடு தொறந்ததும் குடு. பாடம் எங்க ஓடியா பூடும்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னால் அழுதேன். வரப்பு வழியாகப் போயிருக்கலாம், துணிச்சல் வரவில்லை. சாலை திறந்து நான் பள்ளிக்குப் போனபோது உயிரியல் வகுப்பில் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

நான் பன்னிரண்டாவது முடித்த சமயத்தில் ஒதுக்கீடு வந்தது. அப்பா சேற்றுக்காலோடு ஓடிவந்தார். “வந்துட்டுதும்மா. டாக்டருக்கு எழுதிப் போடு.”

“அதுக்கு உயிரியல் படிச்சிருக்கணும்பா.”

“ஒதுக்கீடு இருந்தாலுமா?”

“இருந்தாலும்தான்.”

அவர் சேற்றுக்காலோடு அப்படியே வயலுக்குத் திரும்பினார்.

பி.காம். படித்தேன். அந்த ஒதுக்கீட்டில்தான் கருவூலத்தில் வேலையும் கிடைத்தது. நன்றி கெட்டுப் பேச மாட்டேன். அதன்பின் ஊரில் எந்தப் பெண் பத்தாவது முடித்தாலும் அவள் வீட்டுக்குப் போய், “இன்னா குரூப்பு, அத்தப் படிச்சா இன்னாவாவலாம், கேட்டுக்கினு சேருங்க” என்று அப்பா சொல்லிவிட்டு வருவார். என்னிடம் மட்டும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

அவர் போய் மூன்று வருஷமாகிறது. இன்று தாளை எடுத்துத் தடவிப் பார்த்தேன். மரப்பட்டையின் பள்ளத்தில் பேனா இறங்கி ஓரிடத்தில் கிழித்திருக்கிறது. அந்தக் கிழிசலைத் தாண்டி அப்பா தன் பெயரை முழுசாக எழுதி முடித்திருக்கிறார். நான்தான் இன்னும் மரத்துக்கு இந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.